அறுபது தப்படி மயிலாத்தா

காலை ஆட்டாத கண்ணு. போர்வை பூரா சுருண்டு கால்மாட்டுல கெடக்குது பாரு. நீட்டு. ரெண்டு காலையும் நீட்டு. பெரியம்மா கதை சொல்லோணும்னா காலு சும்மா கெடக்கோணும். நடுவுல நடுவுல "ம்" சொல்லோணும். "ம்" வரலைன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன், எனக்குப் பாத்திரம் கழுவாம கெடக்குது. சரியா?

"ம்."

ஒரே ஒரு மில்லு ஊர்ல, ஒரே ஒரு மயிலாத்தா இருந்தாளாம். அவளுக்கு உட்காரத் தெரியாதாம். நெசமாத்தான். சோத்த நின்னுக்கிட்டே திம்பா. பஸ்ஸுல சீட்டு காலியாக் கெடந்தாலும் கம்பியப் புடிச்சுக்கிட்டு நிப்பா. கோயில்ல சாமி கும்புடறப்பக்கூட ஒரு காலு வாசலப் பாத்துக்கிட்டு இருக்கும். படுத்தா, போர்வைக்குள்ள காலு ரெண்டும் சரக் சரக், சரக் சரக்னு நடக்கும். நீ இப்ப நடக்குறயே, அதே மாதிரி.

ஏன் அப்படி? அவ வேலை அப்படி. மில்லுல நூல் நூக்குற பிரேமு இருக்குமில்ல, அது அறுபது தப்படி நீளம். அதுல நூத்துக்கணக்குல நூலு கிர்ர்ர்ருன்னு சுத்திக்கிட்டே இருக்கும். திடீர்னு ஒரு நூலு டப்புனு அறும். ஓடிப் போயி, பெருவெரலு ஆட்காட்டி வெரலு ரெண்டையும் வெச்சு ஒரு முறுக்கு. ஒட்டிக்கும். அப்புறம் அந்தக் கோடியில இன்னொண்ணு டப். ஓடு. முறுக்கு. அறுபது தப்படி போறது, திரும்புறது. அறுபது தப்படி வர்றது, திரும்புறது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். பதினாலு வருசம். நீ ஒரு நாள் நடந்து பாரு, தெரியும்.

அப்புறம் அந்தச் சத்தம். காதே போயிரும். அதனால மில்லுக்காரங்க அல்லாரும் காதுல பஞ்சு வெச்சுக்குவாங்க. மயிலாத்தாளுக்கு அது பழகிப் பழகி, காலையில தலை சீவி, பொட்டு வெச்சு, காதுல பஞ்சும் வெச்சுட்டுத்தான் வீட்ட விட்டு எறங்குவா. லீவு நாள்லகூட.

"அப்ப எப்படிப் பேசிக்குவாங்க?"

நல்லாக் கேட்ட. வாய் அசையும், சத்தம் வராது. உதட்டப் பாத்தே சொல்லிருவாங்க. கூடக் கையும் பேசும். மேஸ்திரி வர்றாருன்னா மீசையத் தடவறது. சாப்டாச்சான்னா வெரலக் குவிச்சு வாய்கிட்ட. மொகத்தத் திருப்பிக்கிட்டு நிக்கிற ஆளக் கூப்புடணும்னா எப்படி? கழிவுப் பஞ்ச உருண்டையா உருட்டி முதுகுல வீசோணும். பொத்துன்னு விழுந்தா அவ திரும்பிப் பாப்பா.

மயிலாத்தாளுக்கு எதுத்த பிரேமுல ஒருத்தி நின்னா. பேரு துளசிமணி. ரெண்டு பேரும் ஒரே வருசம் வேலைக்குச் சேந்தவங்க. ரெண்டு பிரேமுக்கு நடுவுல நின்னுக்கிட்டு, நாள் பூரா ஒத்தச் சத்தம் இல்லாமப் பேசுவாங்க. குழம்புல உப்பு ஏறிப்போனதுல இருந்து மாமியா காச்சல் வரைக்கும் பேசுவாங்க. வெளிய வந்தா ரெண்டு பேருக்கும் பேச்சே ஓடாது. மில்லு சங்கு ஊதி உள்ள போனாத்தான் வாயே தெறக்கும்.

துளசிமணிக்கு ஒரு பைத்தியம் இருந்துச்சு. ஊருக்கு மேக்க, பஸ்ஸுல முக்கா மணி நேரம் போனா, மலையடியில ஒரு பள்ளம். பள்ளம்னா குழி இல்ல கண்ணு, ஓடை. நம்ம பக்கம் அப்படித்தான் சொல்றோம். ரெண்டு பக்கமும் பனை ஒசரம் பாறை. மேல மரம் ரெண்டு கரையில இருந்தும் சாஞ்சு கூரை போட்டுருக்கும். உச்சி வெயில் அடிக்கிறப்பவும் உள்ள சாயங்காலம் மாதிரிதான் இருக்கும். அந்தப் பள்ளத்தோடயே மேல மேல போனா, கடைசியில ஒரு அருவி. பேரு ஒளிஞ்சான் அருவி.

ஏன் அந்தப் பேருன்னா, வருசம் பூரா அது இருக்காது. வெறும் பாறை நிக்கும். ஆடி மாசம் மலை மேல மழை புடிச்சா ஒரு இருபது நாள் விழுகும். அப்புறம் போயி ஒளிஞ்சுக்கும்.

வருசா வருசம் துளசிமணி பிரேமுக்கு எதுக்க நின்னு பத்து வெரலையும் மேல இருந்து கீழ ஆட்டிக் காட்டுவா. அருவி விழுகுது, போலாமான்னு அர்த்தம். மயிலாத்தா கையப் புரட்டிக் காட்டுவா. அடுத்த வருசம்னு அர்த்தம். துளசிமணி தனியாப் போயிட்டு வருவா. வந்து சொல்லுவா, "உன்ற பேருக்கும் ஒரு முங்கு போட்டுட்டு வந்தேன்"னு. ஆத்துக்குப் போனா, வர முடியாதவங்க பேரச் சொல்லி ஒரு முங்கு போடுவோமில்ல? உங்க அப்பனுக்குக்கூட நான் பவானியில போட்டேனே, அது மாதிரி. அப்படி ஏழு வருசம். எட்டாவது வருசம் மயிலாத்தா சரின்னுட்டா. "செவ்வாக்கெழமை நமக்கு லீவு. காலையில ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல நில்லு. நான் வந்தர்றேன்" அப்படின்னா.

கேக்குறயா?

"ம்."

துளசிமணி அஞ்சே முக்காலுக்கே வந்து நின்னா. கையில சிவப்பு டிபன் கேரியரு, அதுல புளிச்சோறு. ஆறு ஆச்சு. ஏழு ஆச்சு. ஒரு பஸ்ஸு போச்சு, ரெண்டு பஸ்ஸு போச்சு. மயிலாத்தா எங்க? அவ வீட்ட விட்டு கரெக்டாத்தான் கெளம்புனா. ஆனா டவுன் பஸ்ஸு மில்லு கேட்டத் தாண்டறப்ப, மேஸ்திரி வெளிய நின்னு, "ஆள் இல்ல அம்மிணி, அரை ஷிப்ட் பாத்துக் குடு"ன்னு கையக் காட்டுனாரு. இவ மனசு வேண்டாம்னு சொல்றதுக்குள்ள காலு எறங்கிருச்சு. எறங்கி, நேரா பிரேமுகிட்டப் போயி நடக்க ஆரம்பிச்சுருச்சு.

துளசிமணி பதினோரு மணி வரைக்கும் நின்னா. அஞ்சு மணி நேரம்.

அடுத்த நாள் பிரேமுகிட்ட துளசிமணி வாயசைச்சுக் கேட்டா, "ஏன் வரல?" மயிலாத்தா என்ன பண்ணோணும்? நின்னு, மொகத்தப் பாத்து, தப்புன்னு சொல்லோணும். அவ சிரிச்சுக்கிட்டே கையப் புரட்டிக் காட்டுனா. அடுத்த வருசம். அந்த நேரம் பாத்து ஒரு நூலு டப். இவ முதுகக் காட்டித் திரும்பி ஓடிட்டா. ஒட்டிட்டுத் திரும்பிப் பாக்குறப்ப துளசிமணி மொகம் என்னமோ மாதிரி இருந்துச்சு. அடுத்த வாரம் அவ அந்த மில்லுலயே இல்ல. வேற மில்லுக்குப் போயிட்டான்னாங்க. போன் பண்ணா, "இந்த எண் உபயோகத்தில் இல்லை"ன்னு ஒரு பொண்ணு நிதானமாச் சொல்லுச்சு.

அன்னைக்குப் புடிச்சது மயிலாத்தாளுக்கு. தூக்கம் போச்சு. எதுத்த பிரேமுல வேற ஒரு புள்ள வந்து நின்னா, அவளோட உதட்ட இவளுக்குப் படிக்கவே வரல. ராத்திரி பூரா போர்வைக்குள்ள சரக் சரக். ஒரு வருசம். கண்ணுக்குக் கீழ கருப்பா எறங்கிருச்சு. துளசிமணிகிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுட்டா இந்தக் காலு நிக்கும்னு மயிலாத்தாளுக்குத் தெரியும். எங்க போயிக் கேக்குறது? ஆனா ஒண்ணு மட்டும் நெனப்பு இருந்துச்சு. துளசிமணி எப்பவோ சொன்னா, "எந்த மில்லுல இருந்தாலும் சரி, தண்ணி விழுகிற செவ்வா எல்லாம் நான் அங்கதான் இருப்பேன்"னு.

இருபது நாளுக்கு மூணே மூணு செவ்வா.

அப்போ, மொத செவ்வா. காலையில எட்டு மணிக்கு மயிலாத்தா அந்தப் பள்ளத்து வாசல்ல போயி எறங்குனா. அங்க மாராயக்கான்னு ஒருத்தி டீக்கடை போட்டுருந்தா. நாலு மூங்கி நட்டு மேல ஒரு தார்ப்பாயி, அதுதான் கடை.

"ஏனுங்க்கா, இப்படிப் போனா அருவி வருமுங்களா?"

"பள்ளத்தோடயே போ அம்மிணி. ஒன்றரை மணி நேரம். ரெண்டு பக்கமும் பாறை. நீ நெனச்சாலும் வழி தவற முடியாது."

"டிபன் கேரியரு வெச்சுக்கிட்டு ஒருத்தி போனாளுங்களா?"

"செவப்புக் கேரியருதான? காலங்காத்தால போயாச்சு. திரும்பறப்ப அருவிக்கு மேல ஏறி, கரட்டுப் பாறை மேட்டு வழியா எறங்கி இந்தக் கடைக்குத்தான் வருவா. வேணும்னா இங்கயே உக்காந்திரு."

உட்காரவா? மயிலாத்தாளா? வெடுக்குனு பள்ளத்துக்குள்ள பூந்துட்டா.

உள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. தண்ணி கல்லுக்கு நடுவுல சலசலன்னு ஓடுது. வேரெல்லாம் பாறையப் புடிச்சுக்கிட்டுத் தொங்குது. நனைஞ்ச எல வாசம். மயிலாத்தா ஒண்ணையும் பாக்கல. செருப்பு நனையாம கரையோரமா வெசையா நடந்தா. அவகிட்ட என்ன சொல்லறது, எப்படிச் சொல்லறதுன்னு நெனச்சுக்கிட்டே நடந்தா. வழியில ஒரு பெரிய மருத மரம், அதுல ஒரு பொந்து, பொந்துக்கு மேல ஒரு செம்போத்து உக்காந்து ஊப் ஊப்புனு தலைய ஆட்டுச்சு. தாண்டிப் போனா. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு மருத மரம். அதுலயும் ஒரு பொந்து. அதுலயும் ஒரு செம்போத்து. தாண்டிப் போனா. இன்னொரு மருத மரம். பொந்து. செம்போத்து. "இந்தப் பள்ளத்துல எத்தன மருத மரம், மரத்துக்கு ஒரு செம்போத்து"ன்னு ஆச்சரியப்பட்டுக்கிட்டே போறா.

"பெரியம்மா, அது அதே மரம்."

நீ சொல்லிட்ட. அவளுக்குத் தெரியலையே. அவ மனசு பேச்சுக்கு ஒத்திகை பாத்துக்கிட்டு இருக்க, காலு பழக்கத்துல அறுபதாவது தப்படியில சடக்குனு திரும்பிருச்சு. அப்புறம் அறுபது. திரும்பிருச்சு. எதுக்க வந்த ரெண்டு காலேஜ் பசங்க, "அக்கா, அருவி அந்தப் பக்கம்"னு கத்துனாங்க. காதுலதான் பஞ்சு இருக்கே. நல்லாருக்கீங்களான்னு கேக்குறாங்கன்னு நெனச்சுக்கிட்டு இவ தலைய ஆட்டிட்டு நடந்தா.

நானூத்தி ஒண்ணாவது மருத மரத்துகிட்ட வந்தப்பத்தான் கீழ பாத்தா. ஈர மணல்ல அவ செருப்புத் தடம் போயிருக்குது, வந்துருக்குது, போயிருக்குது, வந்துருக்குது. மாட்டுக் கொட்டாயி மாதிரி மிதிபட்டுக் கெடக்குது. மணி ரெண்டரை. அவளுக்கு அழுக முட்டிக்கிட்டு வந்துச்சு.

கீழ வந்தா மாராயக்கா, "எங்க போன அம்மிணி? அவ மத்தியானமே வந்து டீ குடிச்சுட்டு பஸ் ஏறிட்டா"ன்னு சொல்றா.

அது மொத செவ்வா. காலு எங்க போகுது? நீட்டு.

ரெண்டாவது செவ்வா. மயிலாத்தா ஒரு வாரம் யோசிச்சு, மில்லுல இருந்து ஒரு கோன் நூலு கேட்டு வாங்கிட்டு வந்தா. மாராயக்கா கடை மூங்கியில ஒரு நுனியக் கட்டுனா.

"என்ன அம்மிணி, என்ற கடைய இழுத்துட்டுப் போகப் போறயா?"

"இல்லீங்க்கா. காலு திரும்புனா நூலு தொய்யும். தொய்ஞ்சா எனக்குத் தெரிஞ்சுரும்."

மாராயக்கா அவளத் தலையில இருந்து கால் வரைக்கும் ஒரு பார்வ பாத்துட்டு அடுப்ப ஊதப் போயிட்டா.

நூல விட்டுக்கிட்டே மயிலாத்தா போனா. அறுபது தப்படி ஆச்சு. காலு திரும்புச்சு. நூலு தொய்ஞ்சுச்சு. "அடச்சீ, அந்தப் பக்கம்"னு திருப்பி விட்டா. மருத மரம் ஒரு தடவதான் வந்துச்சு. செம்போத்து ஒரு தடவதான் ஊப்புன்னுச்சு. பள்ளம் வளைஞ்சு வளைஞ்சு மேல போச்சு. பாறை ரெண்டும் கிட்டக் கிட்ட வந்து, கைய நீட்டுனா ரெண்டையும் தொடலாம் போல ஆச்சு. மயிலாத்தாளுக்கு ஒரே சந்தோசம்.

அப்போ, டப்.

பின்னாடி எங்கயோ நூலு அறுந்துருச்சு. முள்ளுல பட்டுச்சோ, நண்டு கடிச்சுச்சோ. அறுந்தா அறுந்துட்டுப் போகுதுன்னு விடோணுமில்ல? மில்லுக்காரிக்கு அது முடியாது கண்ணு. அறுந்த நூலத் தாண்டி அவளால ஒரு தப்படி வெக்க முடியாது. வெரலு ரெண்டும் தானா முறுக்க ஆரம்பிச்சுரும். திரும்பிப் போயி, நுனியத் தேடி, முறுக்கி, முடி போட்டு, மறுபடி மேல வந்தா. டப். போனா. முடி போட்டா. வந்தா. டப். பத்தொம்போது முடி. அதுலயும் ஒவ்வொரு முடியும் என்ன அழகு, தடவிப் பாத்தாக்கூடத் தெரியாது. அவளுக்கு அதுல ஒரு பெருமை வேற.

கடைசியில ஒரு வளைவுல வந்து நின்னா. மொகத்துல பொடிப்பொடியா ஈரம் விழுந்துச்சு. மரமெல்லாம் காத்தே இல்லாம ஆடுச்சு. அருவிச் சாரலு. இன்னும் ஒரு வளைவுதான். பின்னாடி, டப்.

முன்னாடி சாரலு. பின்னாடி அறுந்த நூலு. அவ என்ன பண்ணிருப்பா?

"...திரும்பிப் போயிருப்பா."

போயிட்டா. எனக்கே கோவமா வருது அவள நெனச்சா. அந்த முடியப் போட்டுட்டு நிமிர்றப்ப பள்ளத்துக்குள்ள வெளிச்சம் மங்கிருச்சு. நூலையெல்லாம் சுத்திக்கிட்டு கீழ எறங்கி வந்தா. துளசிமணி டீ குடிச்ச டம்ளரக்கூட மாராயக்கா கழுவிக் கவுத்திட்டா.

அது ரெண்டாவது செவ்வா. "ம்" எங்க?

"ம்."

மூணாவது செவ்வா. மயிலாத்தா பஸ்ஸ விட்டு எறங்குனதும் மாராயக்கா மொகத்தப் பாத்தா, அது சரியில்ல. மாராயக்கா வாயைக் கிட்டக் கொண்டுவந்து, காதுப் பஞ்சுக்குக் கேக்குற மாதிரி சத்தமாச் சொன்னா.

"நேத்துல இருந்து தண்ணி எளைச்சுருச்சு அம்மிணி. இன்னைக்கு நாளைக்குத்தான். அப்புறம் அந்த டிபன் கேரியருக்காரி சொன்னா, அவளுக்கு இதுதான் கடைசியாம். வர்ற வாரம் மக வீட்டுக்குப் போறாளாம், வடக்க, ரெண்டு நாள் ரயிலாம். அங்கயே இருந்துக்கப் போறாளாம். நீ பேசாம இந்த பெஞ்சுல உக்காரு. மத்தியானம் அவ இப்படித்தான வந்தாகோணும்?"

சரின்னு மயிலாத்தா உக்காந்தா. நெசமாவே உக்காந்தா. மூச்ச இழுத்துப் புடிச்சுக்கிட்டு உக்காந்தா. ஒரு நிமிசம் ஆச்சு. காலு தட தடன்னு ஆடுச்சு. பெஞ்சு ஆடுச்சு. பக்கத்துல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தவரு வேட்டியில டீ சிந்துச்சு. ரெண்டு நிமிசம் ஆச்சு. பிஸ்கட் பாட்டிலு மூடி கிடுகிடுன்னுச்சு. கடை மூங்கி நாலும் ஆடுச்சு.

"எந்திரிச்சுப் போ தாயி. நீ உக்காந்தா எனக்குக் கடை இருக்காது"ன்னுட்டா மாராயக்கா.

மயிலாத்தா பள்ளத்து வாசல்ல போயி நின்னா. அறுந்து அறுந்து ஏமாத்துன நூல இந்த வாரம் கொண்டு வரல. காலு எப்படியும் திரும்பும். என்ன பண்றது? அப்பத்தான் ஓடுற தண்ணியப் பாத்தா. மூணு வாரமாப் பக்கத்துலயே ஓடுது, இவ செருப்பு நனையுமேன்னு தள்ளித் தள்ளிப் போயிருக்கா. செருப்பக் கழட்டி பெஞ்சுக்கடியில தள்ளிட்டு, சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, நடுத் தண்ணியில எறங்கிட்டா.

ஸ்ஸ்ஸ். சில்லுன்னு எலும்பு வரைக்கும் ஏறுச்சு. தண்ணி முழங்கால முன்னாடி வந்து முட்டுச்சு. அறுபது தப்படி போனா. காலு சடக்குனு திரும்புச்சு. ஒடனே தண்ணி முழங்காலப் பின்னாடி இருந்து தள்ளுச்சு. "ஓஹோ"ன்னா மயிலாத்தா. முட்டுனா மேல போறோம், தள்ளுனா கீழ போறோம். அவ்வளவுதான். திரும்பி நின்னு முட்ட விட்டா. அறுபது. சடக். தள்ளுச்சு. திரும்பி நின்னா. அறுபது. சடக். திரும்பி நின்னா. பாசி வழுக்குது. கல்லு குத்துது. மருத மரம் போச்சு. செம்போத்து போச்சு. பாறை கிட்ட வந்து, தொட்டுட்டு, பின்னாடி போச்சு. எத்தனாவது தடவையோ தெரியல, அறுபதாவது தப்படியில காலு திரும்பலாமா வேண்டாமான்னு யோசிச்சுச்சு. அப்புறம் திரும்பவே இல்ல. அறுபத்தொண்ணு வெச்சுச்சு. பதினாலு வருசத்துல மொத அறுபத்தொண்ணு.

சாரல் விழுந்த அந்த வளைவு வந்துச்சு. தாண்டுனா.

அருவி விழுந்துக்கிட்டு இருந்துச்சு. மேல வானத்துல ஒரு கீத்து வெளிச்சம், அதுல இருந்து வெள்ளையாத் தண்ணி எறங்கி ஒரு தடாகத்துல விழுகுது. எளைச்ச தண்ணிதான். ஆனா சுத்தியும் பாறை இருக்கறதால, அந்தக் குழிக்குள்ள இடி இடிக்கிற மாதிரித்தான் இருக்கும். தடாகத்துக்கு அக்கட்டால, கரட்டு வழியில, ஈரத் தலையோட, செவப்பு டிபன் கேரியரோட துளசிமணி. ஏறிக்கிட்டு இருந்தா. முதுகு இந்தப் பக்கம்.

"துளசீ"ன்னு மயிலாத்தா கத்துனா. அவ குரலு அவளுக்கே கேக்கல. மறுபடி கத்துனா. துளசிமணி ஒரு படி ஏறுனா. தடாகம் கழுத்தளவு ஆழம், இறங்கிக் கடக்கறதுக்குள்ள அவ மேல போயிருவா. இன்னொரு படி ஏறுனா. அங்க ஒரு வளைவு. அதத் தாண்டிட்டா ஆளத் தெரியாது.

அப்பத்தான் மயிலாத்தா கை தானாக் காதுக்குப் போச்சு.

வலது காதுப் பஞ்ச எடுத்தா. டோஓஓஓன்னு அருவி உள்ள பூந்துச்சு. தலையே ஆடிப்போச்சு அவளுக்கு. பஞ்சத் தண்ணியில நனைச்சு, உருட்டி, ஓங்கி வீசுனா. பொளக். தடாகத்துல விழுந்துச்சு.

துளசிமணி வளைவுகிட்டப் போயிட்டா.

இன்னும் ஒரே ஒரு காதுதான் பாக்கி. இடது காதுப் பஞ்ச எடுத்தா. நனைச்சா. இறுக்கமா உருட்டுனா. ஒரு காலப் பாறையில ஊனி, பதினாலு வருசம் பிரேமு தாண்டி வீசுன கை இருக்குதே, அந்தக் கையால வீசுனா.

சொத்.

துளசிமணி முதுகுல நடுவுல.

அவ நின்னுட்டா. திரும்பல. அப்படியே நின்னா. அந்த மாதிரிக் கூப்புடறது இந்த ஒலகத்துல ஒருத்திதான்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் திரும்பாம நின்னா பாரு, அந்த நேரம் மயிலாத்தாளுக்கு உசுரே இல்ல. அப்புறம் மெதுவாத் திரும்புனா.

வேற யாரா இருந்தாலும் அந்தச் சத்தத்துல ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாது. இவங்களுக்கு என்ன, பிரேமுக்கு நடுவுல நிக்கிற மாதிரித்தான்.

துளசிமணி உதடு அசைஞ்சுச்சு. "எத்தன மணிக்கு வரச் சொன்ன?"

மயிலாத்தா ஆறு வெரலக் காட்டுனா.

"இப்ப மணி என்ன?"

மயிலாத்தாளுக்குக் கண்ணு ரெண்டும் நெறஞ்சு வழியுது. தப்புன்னு சொல்லோணும். ஆனா மில்லுல அதுக்குச் சைகை கெடையாது கண்ணு. அங்க எவளுக்கு அதுக்கு நேரம் இருந்துச்சு? அதனால அவளுக்குத் தெரிஞ்சதச் செஞ்சா. பெருவெரலையும் ஆட்காட்டி வெரலையும் சேத்து, காத்துல ஒரு முறுக்கு முறுக்கிக் காட்டுனா. ஒட்டிக்குமான்னு கேட்டா.

துளசிமணி அதப் பாத்துக்கிட்டே நின்னா. அப்புறம் டிபன் கேரியரக் கக்கத்துல வெச்சுக்கிட்டு ரெண்டு வெரலக் காட்டுனா. தடாகத்தக் காட்டுனா. "போன செவ்வா ரெண்டு முங்கு. அதுக்கு முந்தின செவ்வா ரெண்டு. போன வருசம் அஞ்சு மணி நேரம் நின்னுட்டுத் தனியா வந்தேனே, அன்னைக்கும் ரெண்டு. எனக்கொண்ணு, உனக்கொண்ணு."

மயிலாத்தா வாயப் பொத்திக்கிட்டா.

துளசிமணி ஒரு வெரல மடக்குனா. "இன்னைக்கு ஒண்ணுதான் போட்டேன்."

"ஏன்?"

"சலிச்சுப் போச்சு எனக்கு."

அதச் சொல்லிட்டு அவ கீழ பாத்தா. அவ்வளவுதான், வந்தும் பிரயோசனம் இல்ல, நூலு அறுந்தது அறுந்ததுதான்னு மயிலாத்தா நெனச்சா. அப்போ துளசிமணி ரெண்டு படி எறங்கி வந்து, ஒரு பாறை மேல டிபன் கேரியர வெச்சா. பக்கத்துல உக்காந்தா. நிமிந்து பாத்து, தண்ணியப் பாத்து மொகவாய ஆட்டுனா.

"உன்னுத நீயே போட்டுக்க."

மயிலாத்தா சேலையோட எறங்கிட்டா. அருவிக்கு நேர் கீழ போயி, மூக்கப் புடிச்சுக்கிட்டு, முங்குனா. டோன்னு இருந்த சத்தம் தலைக்கு மேல போயிருச்சு. அடியில ஒரு வழவழப்பான கல்லு. அது மேல அவ உக்காந்துட்டா கண்ணு. தெரியாமலே உக்காந்துட்டா. காலு ரெண்டும் அப்படியே நீட்டிக்கிச்சு. மூச்சு முட்டற வரைக்கும் உக்காந்திருந்தா.

மேல வந்து ரெண்டு பேரும் புளிச்சோறு தின்னாங்க. மயிலாத்தா உக்காந்துக்கிட்டுத் தின்னா. "மக வீட்டுக்குப் போறயாமா?"ன்னு உதட்டால கேட்டா. துளசிமணி ஆமான்னா. "மறுபடி எப்ப வருவ?"ன்னு கேட்டா. துளசிமணி கையப் புரட்டிக் காட்டுனா. அடுத்த வருசம். மயிலாத்தா அந்தக் கையவே பாத்துக்கிட்டு இருந்தா. அது வராத கையின்னு அவளுக்குத் தெரியாதா? அவளே ஏழு வருசம் காட்டுன கைதான. துளசிமணி மடியில தலைய வெச்சுச் சாஞ்சா. அப்படியே தூங்கிட்டா. ஒரு வருசத் தூக்கம். துளசிமணி அவ காலையே பாத்துக்கிட்டு, அசையாம, வெயிலு பாறையில ஏறி எறங்கற வரைக்கும் உக்காந்திருந்தா. அந்தக் காலு ஒரு தடவகூட ஆடல.

அடுத்த வருசம் ஆடி வந்துச்சு. மலை மேல மழை புடிச்சுச்சு. ஒரு செவ்வாக்கெழமை மாராயக்கா கடை பெஞ்சுல ஒருத்தி உக்காந்து நிதானமா ஒரு டீ குடிச்சா. சொட்டுச் சிந்தல. காதுல பஞ்சு இல்ல. கையில புதுசா ஒரு டிபன் கேரியரு. செருப்பக் கழட்டி வெச்சுட்டு, தண்ணியில எறங்கி, அருவிக்குப் போயி ரெண்டு முங்கு போட்டா. ஒண்ணு அவளுக்கு. ஒண்ணு, ரெண்டு நாள் ரயிலுக்கு அந்தப் பக்கம் இருக்கறவளுக்கு.

"ம்" சொல்லு.

சரி, சொல்ல வேண்டாம். காலு நின்னுருச்சு.

அருவி ஒளிஞ்சுக்கிச்சு, கதையும் ஒளிஞ்சுக்கிச்சு. நீயும் போயி போர்வைக்குள்ள ஒளிஞ்சுக்க கண்ணு, காலையில வந்து தேடிக்கிறேன்.